மணலிற் கட்டும் சரித்திரம்

சரித்திரம் என்னும் சொல்லைக் கேட்ட அளவிலே நம்மிற் பலர்க்கு நினைவில் எழுவன அரசர் பெயர்களும், போர்கள் நிகழ்ந்த ஆண்டுகளுமே. அவற்றை நெட்டுருப் பண்ணித் தேர்விலே எழுதி, தேர்வு முடிந்த மறுதினமே மறந்துவிடுதல் மாணவராகிய நாம் யாவரும் அறிந்த செய்தி. வளர்ந்த நமக்கே இந்நிலையானால், நான்கு வயது முதல் ஒன்பது வயது வரையுள்ள இளஞ்சிறார்க்குச் சரித்திரம் எவ்வாறு விளங்கும்? நேற்றைக்கும் போன மாதத்திற்கும் வேற்றுமை தெளியாத குழந்தைக்கு, கி.பி. 1542 என்பது பொருளில்லாத ஓர் ஒலியாகும். ஆயினும் அதே குழந்தையை ஈரமணலின் அருகே விட்டுப் பாருங்கள். அது வீடு கட்டும், கிணறு தோண்டும், வாய்க்கால் வெட்டி நீர் பாய்ச்சும், நீர் கரையை உடைத்தால், ஏன் உடைந்தது என்று கேட்டு மீண்டும் கட்டும். எதனாற் கட்டினர், எதனால் உடைந்தது, பின் என் செய்தனர் என்னும் இம்மூன்று வினாக்களே சரித்திரத்தின் உயிர். ஆகவே குழந்தையின் கையில் இயல்பாகவே உள்ள இத்தொழிலைக் கொண்டு வீட்டிலேயே சரித்திரம் பயிற்றுமாறு எங்ஙனம் என்பதை, நம் தூத்துக்குடிக் கடற்கரையையே எடுத்துக்காட்டாகக் கொண்டு ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

முதற்கண் ஓர் ஐயத்தை நீக்குதல் வேண்டும். வீட்டிற் பயிற்றுதல் என்றதும், பள்ளிக்கே அனுப்பாமல் குழந்தைகளை வீட்டில் வைத்துக் கற்பிப்பதை யாம் கருதுகின்றோம் என்று எவரும் எண்ணற்க. அவ்வாறு கற்பித்துப் பின்னர்த் தேசியத் திறந்தநிலைப் பள்ளிக் கல்வி நிறுவனத்தின் தேர்வுகளை எழுதச் செய்யும் குடும்பங்கள் நம் நாட்டிலும் உண்டு. ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள சிறார் அனைவர்க்கும் இலவசக் கட்டாயக் கல்வி உரிமையை 2009-ஆம் ஆண்டுச் சட்டம் வழங்கியிருக்கின்றது. பெரும்பான்மைக் குழந்தைகட்குப் பள்ளியே நன்று. யாம் கூறுவது ஆறு வயதுக்கு முன்னும், அதன்பின் பள்ளி விட்டு வந்த மாலைகளிலும், விடுமுறை நாட்களிலும் வீட்டில் நிகழக்கூடிய கல்வியைப் பற்றியே. 2020-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திற் பெருநோயின் காரணமாகப் பள்ளிகள் மூடப்பட்டபோது, வீடும் ஒரு கல்விச்சாலையாக வேண்டிய நிலை எய்தியதை யாவரும் கண்டோம். 2021-ஆம் ஆண்டில் நம் மாநில அரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில், தன்னார்வலர் பலர் தத்தம் வீட்டுத் திண்ணைகளிலும் தெருக்களிலும் சிறுவரைக் கூட்டிவைத்துக் கற்பித்தனர். கற்பிக்க மனமுடைய ஒருவர் இருப்பின் திண்ணையும் பள்ளியாம் என்பது அதனால் விளங்கிற்று.

இனி, கட்டி விளையாடுதல் தமிழர்க்குப் புதியதோ என்றால், அன்று. பண்டைத் தமிழ்ச் சிறுமியர் கடற்கரை மணலில் இழைத்த சிறு வீட்டைச் சிற்றில் என்றனர் சான்றோர். அச்சிற்றிலைக் காலாற் சிதைத்துச் சென்ற குறும்பன் ஒருவனைத் தலைவி நினைவு கூர்தலைக் கலித்தொகையிற் காணலாம். ஆண்டாள் அருளிய நாச்சியார் திருமொழியில், சிற்றிலைச் சிதைக்க வேண்டா என்று வேண்டுவதாகவே ஒரு பதிகம் அமைந்துள்ளது. ஆண்பாற் பிள்ளைத்தமிழிற் சிற்றில் சிதைத்தல், சிறுபறை முழக்கல், சிறுதேர் உருட்டல் என்பன தனித்தனிப் பருவங்களாகவே வகுக்கப்பட்டன. காவிரிப்பூம்பட்டினத்துச் சிறுவர் குதிரையின்றி உருட்டிய மூன்று உருளைச் சிறுதேரைப் பட்டினப்பாலை காட்டுகின்றது. நூல்களே அன்றி மண்ணும் இதற்குச் சான்று பகர்கின்றது. வைகைக் கரைக் கீழடியில் அகழ்ந்தபோது சுடுமண்ணாலாய ஆட்டக்காய்கள் பல கிடைத்தன. நம் முன்னோர் இவ்விளையாட்டைப் பாடினரே அன்றி, இதனைச் சரித்திரம் கற்பிக்கும் வழியாக வகுத்து வைத்திலர். அவ்வேலை மேனாட்டிற் பிற்காலத்தே நிகழ்ந்தது.

செருமானிய நாட்டில் பிரோபெல் என்பார் 1837-ஆம் ஆண்டில், மரக்கட்டைகளை அடுக்கியும் பிரித்தும் குழந்தைகள் கற்குமாறு ஒரு கல்விச்சாலையை நிறுவினார். பின்னர் அமெரிக்க நாட்டுச் சிகாகோ நகரில் 1896-ஆம் ஆண்டில் ஜான் டூயி என்னும் அறிஞர் ஒரு சோதனைப் பள்ளி தொடங்கினார். அங்கே சிறுவர்க்குப் பருத்தியையும் ஆட்டுமயிரையும் கையிற் கொடுத்து, ஆடையின் சரித்திரத்தை அவர்களே கண்டறியச் செய்தனர். கொட்டையிலிருந்து பஞ்சைக் கையாற் பிரிக்க முயன்ற சிறுவர், அரைமணி நேரம் உழைத்தும் ஓர் அவுன்சுப் பஞ்சுகூடப் பிரிக்க இயலவில்லை. பஞ்சைப் பிரிக்கும் பொறி வருமுன் மேனாட்டார் ஏன் பருத்தியைக் காட்டிலும் கம்பளியையே மிகுதியாக உடுத்தனர் என்பது அவர்கட்குத் தாமே விளங்கிற்று. நம் மாவட்டத்துக் கோவிற்பட்டிக் கரிசற் பருத்தியில் ஒரு கைப்பிடி கொணர்ந்து நம் வீட்டுக் குழந்தையிடம் கொடுத்தாலும் இப்பாடம் நடக்கும். நம் நகரிற் பஞ்சாலை ஏன் எழுந்தது என்பதற்கு அதுவே தோற்றுவாயாகும்.

உரோமை நகரில் 1907-ஆம் ஆண்டிற் குழந்தைகள் இல்லம் நிறுவிய மரியா மாண்டிசோரி அம்மையார் நம் தமிழ்நாட்டோடு நெருங்கிய தொடர்புடையவர். 1939-ஆம் ஆண்டிற் சென்னை அடையாற்றுக்கு வந்த அவர், இரண்டாம் உலகப் போர் காரணமாக இந்நாட்டிலேயே பல்லாண்டுகள் தங்க நேர்ந்தது. அக்காலத்திற் கோடைக்கானலில் வாழ்ந்தபோது, உலகம் தோன்றிய வரலாற்றையும் மக்கள் வரலாற்றையும் சிறுவர் கண்ணாற் கண்டு கையாற் பழகிக் கற்கும் முறைகளை அவர் வளர்த்தார். காந்தியடிகள் 1937-ஆம் ஆண்டில் வார்தாவில் வெளியிட்ட ஆதாரக் கல்வித் திட்டமும் கைத்தொழிலையே கல்வியின் நடுவே வைத்தது. இவர்கள் நாடும் கொள்கையும் வேறுவேறாயினும், கை பழகினாலன்றிக் கருத்துப் பழகாது என்பதில் அனைவரும் ஒருமித்தனர்.

இனி நம் கடற்கரைக்கு வருவோம். எம் தெருச் சிறுவரோடு விடுமுறை மாலைகளில் யாம் செய்து பார்த்த நான்கு விளையாட்டுக்களை இங்கே கூறுகின்றோம். இவற்றுக்கு வேண்டும் பொருள்கள் மணல், களிமண், சிரட்டை, கயிறு, புளியங்கொட்டை, சிப்பி என்பனவே. காசு கொடுத்து வாங்கத்தக்கது யாதுமில்லை.

முதல் விளையாட்டுத் துறைமுகம். அகன்ற தாம்பாளம் ஒன்றை ஒரு புறம் சற்றே உயர்த்தி வைத்து, உயர்ந்த பக்கத்தில் மணலும் செம்மண்ணும் கலந்து பரப்புக. தாழ்ந்த பக்கத்தில் நீர் நிற்கட்டும். அந்நீரே மன்னார் வளைகுடா. மணலில் விரலால் ஓர் ஆறு கீறுக, அதுவே தாமிரபருணி. ஆறு கடலொடு கலக்குமிடத்திற் சிப்பிகளை வீடுகளாக வைத்துக் கொற்கை எனப் பெயரிடுக. பின்பு குழந்தையே செம்பிலிருந்து சிறுகச் சிறுக ஆற்றில் நீர் வார்க்கட்டும். ஓடும் நீர் மண்ணை அரித்துக்கொண்டு சென்று, நிற்கும் நீரை அடைந்ததும் அதனைக் கீழே விட்டுவிடும். பத்துச் செம்பு நீர் வார்ப்பதற்குள் ஆற்றின் வாயில் ஒரு மண்திட்டு எழும்; கரை முன்னே நகரும்; கொற்கைச் சிப்பிகள் கடலை விட்டு உள்ளே நின்றுவிடும். எம்மோடு விளையாடிய ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி இதனைக் கண்டதும், "அப்படியானால் கப்பல் எங்கே வந்து நிற்கும்?" என்று வினவினாள். இதனினும் சிறந்த சரித்திர வினாவைக் கல்லூரி மாணவரும் கேட்டல் அரிது.

அவ்வினாவுக்கு விடையே நம் கரையின் சரித்திரம். கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதப்பட்ட பெரிபுளூசு என்னும் கிரேக்க நூலும், இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த தாலமியும் குறித்த முத்துத் துறையாகிய கொற்கை, இன்று கடலிலிருந்து ஏறக்குறைய 7 கிலோமீட்டர் உள்ளே ஒரு சிற்றூராய் நிற்கின்றது. அங்கே 1968, 1969-ஆம் ஆண்டுகளில் மாநிலத் தொல்லியல் துறையினர் அகழ்ந்து பழம்பொருள்களை வெளிக்கொணர்ந்தனர். கொற்கை தூர்ந்தபின் ஆற்றின் வாய்க்கு அண்மையில் காயல் எழுந்தது. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெனிசு நகரத்து மார்க்கோ போலோ கண்டு வியந்தது அதுவே. பின்பு அதுவும் தூர்ந்தது. ஆறு கொணர்ந்த வண்டலே இவ்விரு துறைகளையும் கடலினின்று பிரித்தது என்று, அவ்விடங்களை நேரிற் சென்று ஆராய்ந்த கால்டுவெல் ஐயர் 1881-ஆம் ஆண்டில் வெளியிட்ட திருநெல்வேலிச் சரித்திரத்தில் விளக்கியுள்ளார். நூலில் அவர் விளக்கியதைத் தாம்பாளத்திற் குழந்தை தன் கையாலேயே செய்து காண்கின்றது.

போர்த்துகேசியர் புன்னைக்காயலிலும் பின்னர்த் தூத்துக்குடியிலும் தங்கினர். 1658-ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் தூத்துக்குடியைக் கைப்பற்றினர். 1825-ஆம் ஆண்டில் அது முடிவாக ஆங்கிலேயர் வசமாயிற்று. தூத்துக்குடி ஆற்றின் வாயில் இல்லை. முயல் தீவு முதலியன அதற்குக் காப்பாய் உள்ளன. தாம்பாளத்திலே ஆற்றுக்கு விலகிய மூலையில் இரண்டொரு கற்களைத் தீவாக வைத்துக் காட்டினால் இவ்விடத்தின் சிறப்பை உணர்த்தலாம். ஆனால் இங்கும் ஒரு குறை உண்டு, கடல் ஆழமில்லாதது. ஒரு சிரட்டையை வெறுமையாய் மிதக்கவிட்டால் அது கரை வரை வரும். அதிலே கூழாங்கற்களை ஏற்றினால் ஆழ்ந்து, கரைக்கு எட்டாமலே தரைதட்டி நிற்கும். இதனாலேதான் பெருங்கப்பல்கள் பல மைல் தள்ளி நங்கூரமிட, தோணிகள் சரக்கை ஏற்றியும் இறக்கியும் வந்தன. பின்னர் ஏறக்குறைய 4 கிலோமீட்டர் நீளமுள்ள இரண்டு அலைதடுப்புச் சுவர்களைக் கடலுள்ளே கட்டி, 1974-ஆம் ஆண்டிற் பெருந்துறைமுகம் அமைத்தனர். அதற்கு 2011-ஆம் ஆண்டில் வ.உ. சிதம்பரனார் பெயரிடப்பட்டது. கூழாங்கற்களை இரு வரிசையாக அடுக்கி, வெளியே பலகையால் நீரை அலைத்தால், உள்ளே நீர் அடங்கி நிற்பதைக் குழந்தை கண்டு கொள்ளும். ஈராயிரம் ஆண்டுச் சரித்திரம் இரண்டு மாலைகளில் அதன் கைக்குள் அடங்கிவிடும். ஒவ்வொரு துறையும் ஏன் தோன்றிற்று என்பதற்கு அதற்கு முந்திய துறையின் குறையே காரணம் என்னும் தொடர்ச்சியும் மனத்திற் பதியும்.

இரண்டாவது, முத்துச் சலாபம். களிமண்ணைச் சிறு உருண்டைகளாக முப்பது பிடித்து, அவற்றுள் ஐந்தில் மாத்திரம் ஒவ்வொரு வெள்ளை மணி வைத்து மூடி உலர்த்துக. கலங்கிய நீருள்ள வாளியில் அவற்றைச் சில நிமிட நேரம் இட்டு, குழந்தை கண்ணை மூடிக்கொண்டு ஒரு கையால் எடுக்க, மற்றொருவர் அறுபது வரை எண்ண வேண்டும். குளிப்பவர் கல்லின் பாரத்தால் ஆழத்திற் சென்று சிப்பி பொறுக்குதற்குக் கிடைத்த நேரம் ஏறக்குறைய அவ்வளவே. குழந்தைகளை நீருள் மூச்சடக்கச் செய்தல் ஆபத்தாகலின் அதனை ஒருபோதும் செய்யற்க. வாளியும் எண்ணிக்கையுமே போதும்.

எடுத்து முடிந்ததும் பங்கிடுதல் வரும். ஆங்கிலேயர் ஆட்சியில் இலங்கைக் கரை முத்துக்குளிப்பிற் கிடைத்த சிப்பிகளை மூன்று கூறாக்கி, இரண்டு கூறு அரசாங்கத்திற்கும் ஒரு கூறு குளிப்பவர்க்குமாகப் பிரித்தனர். உருண்டைகளை அவ்வாறே மூன்று குவியலாக்கி இரண்டை எடுத்துக்கொண்டபோது, எடுத்த சிறுவர்க்கு உண்டான சினத்தை யாம் நேரிற் கண்டோம். மார்க்கோ போலோ காலத்தில் அரசனுக்குப் பத்திலொரு பங்கும், சுறாமீன்களை மந்திரத்தாற் கட்டுவதாகச் சொல்லிய மாந்தருக்கு இருபதிலொரு பங்கும் கொடுத்தனர் என்று அவர் எழுதியுள்ளார். இருபது மணிகளை வைத்து இரண்டும் ஒன்றும் எடுத்துக் காட்டினால், அக்காலத்தையும் பிற்காலத்தையும் ஏழு வயதுக் குழந்தையே ஒப்பிட்டுப் பார்க்கும். பிறகு சிப்பிகளைத் திறவாமலே ஏலமிட்டு விற்ற வழக்கத்தைச் சொல்லி, உருண்டைகளைப் புளியங்கொட்டைக்கு ஏலம் விடலாம். வாங்கியவர் உடைத்துப் பார்த்தால் ஒருவர்க்கு இரண்டு முத்து, மற்றொருவர்க்கு வெறும் மண். வணிகர் சிலர் ஒரே நாளிற் செல்வராயினமையும், சிலர் கைப்பொருள் இழந்தமையும் இதனால் விளங்கும். கொற்கை முத்தின் பெருமையை மட்டும் கூறி, அதனை எடுத்தவரின் உழைப்பை மறைத்தல் முறையன்று. அத்துறையிற் குற்றவாளிகளைக் கொண்டு முத்துக் குளிப்பித்தனர் என்று பெரிபுளூசு கூறுகின்றது. இதனை மட்டும் சற்று வளர்ந்த சிறுவர்க்குச் சொல்லுதல் தகும்.

மூன்றாவது, சுதேசிக் கப்பற் கம்பெனி. வ.உ. சிதம்பரம் பிள்ளையவர்கள் 1906-ஆம் ஆண்டில் தூத்துக்குடியில் நிறுவிய கம்பெனியின் மூலதனம் பத்து இலட்சம் ரூபாய். அது 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகளாகப் பிரிக்கப்பட்டது. பங்கு என்பதைக் குழந்தைக்குச் சொல்லால் விளக்குதல் கடினம். ஆளுக்கு 25 புளியங்கொட்டை இடச்செய்து, அதற்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்து, சேர்ந்த கொட்டைகளாற் காகிதக் கப்பல் இரண்டு "வாங்கினால்" அது நொடியில் விளங்கும். காலியா, லாவோ என அக்கப்பல்களுக்குப் பெயர் எழுதுக. ஒரு பக்கம் தூத்துக்குடி, ஒரு பக்கம் கொழும்பு. பிரயாணி ஒருவர்க்கு நான்கு கொட்டை கட்டணம் வாங்கி ஓட்டுக. அப்பொழுது வீட்டுப் பெரியவர் ஒருவர் மூன்றாம் கப்பலோடு வந்து, "எங்கள் கப்பலில் ஒரு கொட்டைதான்" என்று கூவ வேண்டும். ஆங்கிலக் கம்பெனி தன் கட்டணத்தைக் குறைத்துப் போட்டியிட்டது இவ்வாறே. தலைவர் 1908-ஆம் ஆண்டிற் சிறைப்பட்டார். 1911-ஆம் ஆண்டிற் கம்பெனி கலைக்கப்பட்டது. கப்பல் கையிலிருந்தும் கம்பெனி வீழ்ந்தது ஏன் என்பதைச் சிறுவர் தம் கொட்டைகள் தீர்ந்த வருத்தத்தோடு சேர்த்து உணர்கின்றனர். தேசபக்தி என்பது முழக்கத்தில் மட்டும் இல்லை, கணக்கேட்டிலும் உண்டு என்பதையும் அறிகின்றனர்.

நான்காவது விளையாட்டு முன் மூன்றையும் ஒன்றாகக் கோப்பது, அது காலக்கயிறு. பத்து முழக் கயிறு ஒன்றை எடுத்து, ஒரு சாணுக்கு நூறு ஆண்டு என்று கொள்க. பத்து முழம் இருபது சாணாகலின் அது ஈராயிரம் ஆண்டு. ஒரு நுனி இன்றைய நாள். அதிலிருந்து எட்டு விரல் தள்ளி, தூத்துக்குடியிற் கடைசி முத்துக்குளிப்பு நடந்த 1961. ஒரு சாணும் இரண்டரை விரலும் தள்ளிக் கப்பற் கம்பெனி. ஐந்து சாணுக்குச் சற்றுக் குறைய, பிரான்சிஸ் சவேரியார் இக்கரைக்கு வந்த 1542. ஏழு சாணுக்குச் சற்று மேல் மார்க்கோ போலோ. மறு நுனிக்கு அருகே பெரிபுளூசு. ஒவ்வோரிடத்தும் ஒரு முடிச்சிட்டு, அவ்வவ் விளையாட்டிற் செய்த பொருளொன்றைத் தொங்கவிடுக. ஒரு சாண் பன்னிரண்டு விரலாகலின், ஒரு விரற்கடை ஏறக்குறைய எட்டு ஆண்டு. எட்டு வயதுக் குழந்தை தன் வாழ்நாள் முழுவதும் தன் ஒரு விரல் அகலமே என்று கண்டு வியக்கும். பாட்டியின் வாழ்நாள் ஒரு சாணுக்கும் குறைவு என்று அளந்து பார்க்கும். பத்து முழத்தையும் முற்றத்தின் குறுக்கே விரித்து அதன் ஓரமாக நடந்து செல்லும் குழந்தைக்குப் பழமை என்பது இத்துணைத் தொலைவு என்னும் உணர்ச்சி உண்டாகும். கி.பி. 1542 அப்பொழுது வெற்றொலியாய் இராது.

இவ்வாறு பயிற்றுவோர் மனத்திற் கொள்ள வேண்டுவன சில உள. ஒன்று, கட்டுவது குழந்தையாதல் வேண்டும். பள்ளிக் கண்காட்சிக்கென்று தந்தை இரவெல்லாம் விழித்து அட்டையிற் கோட்டை கட்ட, மகன் அதைச் சுமந்து செல்வதைப் பல வீடுகளிற் காண்கின்றோம். அதனாற் கற்றவர் தந்தையே. கோணலாயினும் குழந்தை கட்டியதே குழந்தைக்குப் பாடம். இரண்டு, கட்டிய பொருள் கெடலாம் என்று விடுதல் வேண்டும். சிற்றில் நிலைத்தற்குக் கட்டப்படுவதன்று; அது சரியும்போதே வினா எழுகின்றது. மூன்று, உண்மையையும் ஊகத்தையும் வேறு பிரித்துச் சொல்லுதல் வேண்டும். கொற்கை இவ்விடத்தில் இருந்தது என்பது உண்மை. அதன் வீடுகள் இவ்வாறு இருந்திருக்கலாம் என்பது நம் ஊகம். "இது தெரியும், இது நாம் நினைப்பது" என்று சொல்லிப் பழக்கப்பட்ட குழந்தை, வளர்ந்தபின் கண்டதையெல்லாம் சரித்திரம் என்று நம்பி ஏமாறாது. நான்கு, கைத்தொழிலோடு கதையும் சேர வேண்டும். கதையில்லாத மண் வெறும் மண்ணே. கதை சொல்லுபவர் பக்கத்தில் இருந்தாலன்றித் தாம்பாளம் கொற்கையாகாது.

இதற்குச் சிலர் தடை கூறுவர். தேர்வில் இதற்கு மதிப்பெண் உண்டோ என்பர். உடனே இல்லை; ஆயினும் காரணகாரியத்தைக் கையால் அறிந்த மாணவன் பின்னாளிற் பாடநூலைப் படிக்குங்கால், அது அவனுக்கு அறிமுகமான ஊராய்த் தோன்றும். வேறு சிலர் கூறுவது இதனினும் கனமானது. விடியுமுன் உப்பளத்திற்குச் சென்று வெயிலில் வாடித் திரும்பும் தாய்க்கும், இரவிற் கடலுக்குப் போய்ப் பகலில் வலை பழுது பார்க்கும் தந்தைக்கும், தாம்பாளத்தில் மணல் பரப்ப நேரம் ஏது என்பர். இஃது உண்மையான தடையே. ஓய்வுள்ள வீட்டுக் குழந்தைக்கு மாத்திரம் உதவும் கல்விமுறை எவ்வளவு சிறந்ததாயினும் நம் கரைக்குப் பயன்படாது. இத்தடைக்கு விடை கல்லூரி மாணவராகிய நாமே என்பது எம் துணிபு. நம்மிற் பெரும்பாலார்க்கு வீட்டில் தம்பி தங்கையர் உளர். இல்லையேல் அண்டை வீட்டிற் சிறுவர் உளர். ஞாயிறு மாலையில் ஒரு மணி நேரம் தெருச் சிறுவர் ஐவரைக் கூட்டினால், உப்பளத்துத் தாயின் குழந்தையும் அதில் வந்து அமரும்.

இதனை இப்பொழுதே செய்ய வேண்டும் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. சிப்பி வளம் குன்றியமையால் 1961-ஆம் ஆண்டுக்குப்பின் நம் துறையில் முத்துச் சலாபம் நடைபெறவில்லை. அன்று இளைஞராய்க் கடலில் இறங்கியவர் இன்று எண்பதைக் கடந்த முதியோர். கல்லை எவ்வாறு காலிற் பற்றினர், கயிற்றை எவ்வாறு இழுத்து அறிவித்தனர், பாரை எவ்வடையாளங் கொண்டு கண்டனர் என்பவற்றைத் தம் கையாற் காட்டத்தக்கவர் அவர்களே. அச்சு நூல்களில் அரசர்க்குச் சென்ற பங்கின் கணக்கு உண்டு. கயிறு பிடித்த கையின் பழக்கம் இல்லை. பாய்த்தோணி கட்டிய தச்சரும், கட்டுமரம் பிணித்த மீனவரும் இவ்வாறே குறைந்து வருகின்றனர். குழந்தை களிமண் உருண்டையோடு அத்தகைய ஒரு பாட்டனாரின் முன் அமர்ந்து, "தாத்தா, நீங்கள் எப்படி எடுத்தீர்கள்?" என்று கேட்குமாயின், வேறு எவ்வழியாலும் கிடைத்தற்கரிய ஒரு பாடம் அங்கே நிகழும். கேட்க வேண்டிய குழந்தையும் சொல்ல வேண்டிய முதியவரும் ஒரே தெருவில் வாழும் ஆண்டுகள் இன்னும் சிலவே எஞ்சியுள்ளன.

ஆகலின், உடன்பயிலும் தோழர்களே, பெற்றோராகி இவ்விதழைக் கையில் ஏந்தும் பழைய மாணவர்களே, வருகின்ற விடுமுறையில் ஒரு தாம்பாள மணலும் ஒரு செம்பு நீரும் எடுங்கள். குழந்தை ஆற்றைக் கீறட்டும். கொற்கை தூரும்போது அது கேட்கும் முதல் வினாவிற்கு விடை சொல்லுங்கள். அடுத்த வினாவிற்குத் தெருவிலுள்ள முதியவரிடம் அழைத்துச் செல்லுங்கள். மற்றவற்றைக் குழந்தையின் கைகளே பார்த்துக்கொள்ளும்.